நாலாவது மூலை

"எந்தக் கட்டடம்வே அது? காட்டும்!"

நோட்டீஸ் மேஜையில் வந்து விழுந்தது. வேதமாணிக்கத்தின் டீ டம்ளர் ஆடி, கீபோர்டில் கொஞ்சம் சிந்தியது.

எதிரே நின்றவருக்கு இரண்டு முன்கையிலும் எண்ணெய் தெறித்த தழும்பு. பெயர் ஆவுடையப்பன். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வரி ஆபீசில் கத்திவிட்டு வந்திருந்தார். அங்கே இருந்தவர்கள், "எங்களுக்கு என்ன தெரியும், படம் வரையுறவங்களைப் போய்க் கேளும்" என்று கையைக் காட்டி விட்டிருந்தார்கள்.

"உக்காருங்க" என்றார் வேதமாணிக்கம்.

"உக்கார வரல. எங்க வீட்டு முன்னால தகரக் கூரை போட்ட ஓட்டல் இருக்காம்லா. தெருவை அடைச்சிக் கட்டிருக்கேனாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலன்னா ஜேசிபி வருமாம். எங்கவே இருக்கு ஓட்டல்?"

"படத்துல இருந்தா இருக்கும்."

"எங்க முதலாளி கூப்பிட்டுக் கேக்காரு. வீட்டுலயே தனியா கடை போட்டுட்டியாமேன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

வேதமாணிக்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கீபோர்டைத் துண்டால் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் எதையாவது துடைப்பார்.

அது மேலக்குளம் நகராட்சிக்காக ஒரு தனியார் கம்பெனி நடத்துகிற அறை. ட்ரோன் பறந்து ஊரை மேலிருந்து படம் எடுத்துவிட்டுப் போய்விட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு போட வேண்டும். கோட்டுக்குள் எவ்வளவு இடமோ அவ்வளவுக்கு வரி. வீடா கடையா என்பதையும் அவர்களே எழுத வேண்டும். வீட்டுக்கு ஒரு வரி, கடைக்கு வேறு வரி. அவ்வளவுதான் வேலை. கேட்கச் சுலபம்.

வேதமாணிக்கம் முன்பு மில்லில் டைம்கீப்பர். மில்லை மூடியபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் மவுஸைக் கையில் பிடித்தார். இந்த அறையில் அவர் அளவுக்குச் சுத்தமாகக் கோடு போட ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். தெரியும் என்பது முகத்திலும் தெரியும்.

நோட்டீஸில் இருந்த எண்ணைத் தட்டினார். திரையில் தெரு விரிந்தது. வீடு வந்தது. வீட்டுக்கு முன்னால் நீலமாக, நீளமாக, பளபளவென்று ஒரு தகரக் கூரை. அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கோடு அவர் போட்டதுதான்.

"இந்தா இருக்கே" என்றார். "கண்ணால பாரும். படம் பொய் சொல்லுமா? தகரக் கூரை தெருவைப் பாத்து இருந்தா கடைன்னு போடணும். அதுதான் விதி. வெளிய நாற்காலி வரிசையாக் கிடக்கு. அதனால ஓட்டல்னு போட்டேன். வரி ஆபீசுலயும் விசாரிச்சிருக்காவ. வீட்டுக்காரரு பரோட்டா மாஸ்டர்னு சொல்லியிருக்காவ. பொறவு என்ன?"

ஆவுடையப்பன் குனிந்தார். திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போனார். அவருடைய மூச்சுப் பட்டுத் திரையில் லேசாக ஆவி படிந்தது.

கத்தல் நின்றுவிட்டது.

"இதைப் பெருசாக் காட்ட முடியுமா?"

வேதமாணிக்கம் பெரிதாக்கினார்.

"இன்னும்?"

இன்னும் பெரிதாக்கினார். நாற்காலிகள் சிவப்புப் பொட்டுகளாகத் தெரிந்தன. சிலதில் தலைகள். ஒரு ஓரத்தில் வேட்டியோ துண்டோ, வெள்ளையாக ஏதோ.

"தகரத்துக்குக் கீழ தெரியாதா?"

"மேல இருந்து எடுத்தது. கூரைக்குக் கீழ எப்படித் தெரியும்?"

"தெரியாது, என்ன?"

"தெரியாது."

"இது எங்க பையனுக்குப் போட்ட பந்தல்" என்றார் ஆவுடையப்பன். "அபினேஷு. பைக்குல போனான். நாங்க சாயந்திரம்தான் தூக்கினோம். இதுல வெயிலு உச்சியில இருக்கு. அப்பம் இந்தத் தகரத்துக்குக் கீழ அவன் படுத்திருக்கான்."

வேதமாணிக்கத்தின் கை மவுஸில் இருந்தது. அதை எங்கே நகர்த்துவது என்று அதற்குத் தெரியவில்லை.

"நான் பிரிச்ச பந்தல் உம்ம பெட்டிக்குள்ள நிக்கி" என்றார் ஆவுடையப்பன். "சரி, ஒண்ணு சொல்லும். இல்லாத கட்டடத்தை எப்படிவே இடிப்பானுவ? ஜேசிபி வந்தா சும்மாவா போவும்? இருக்கதைத்தான் இடிப்பானுவ. எங்க வாசப்படியும் முன் சுவரும்தான் இருக்கு."

நோட்டீஸை எடுக்காமலே போய்விட்டார்.

அறையின் கடைசி மேஜையில் சபுரா டீச்சர் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த அறையில் எல்லாருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தது அவர்தான். வேதமாணிக்கத்தின் மூத்த மகளைவிட வயது குறைவு. இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். முதல் நாளில் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வேதமாணிக்கம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனார்.

"டீச்சர், நூத்துக்கு அஞ்சு தப்பு வரலாம்னு நீங்கதானே சொன்னீய?"

"ஆமா, சொன்னேன்."

"நான் இது வரைக்கும் ரெண்டைத் தாண்டல."

"தெரியும்."

"அப்பம் இது அந்த அஞ்சுல ஒண்ணு. இதுக்குப் போயி நான் ஏன் இப்படிக் கெடந்து வேர்க்கணும்?"

டீச்சர் திரையைப் பார்த்தார். நீலக் கூரையை, சிவப்புக் கோட்டை, நாலு மூலையையும் பார்த்தார்.

"இது தப்புன்னு யாரு சொன்னா?"

"டீச்சர்?"

"கோடு சரியாத்தானே போட்டிருக்கீய."

கிண்டலா என்று வேதமாணிக்கம் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் இதை அழிச்சிருதேன். ஒரு நிமிஷ வேலை."

"வாய்ச் சொல்லுக்கு அழிக்கக் கூடாதுல்லா."

அது மேனேஜர் போட்ட விதி. யாராவது வந்து அழுதால் அழிப்பது, யாராவது வந்து பாக்கெட்டில் கையை விட்டால் அழிப்பது என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. நல்ல விதிதான். படத்தில் எது மாறினாலும் கம்பி போய்ச் சொல்லி மாற வேண்டும்.

கம்பி என்பது ஆள் உயரத்துக்கு மேல் ஒன்று. உச்சியில் தட்டு மாதிரி ஒரு கருவி, கூடவே ஒரு கையடக்கத் திரை. தரையில் கட்டடத்தின் மூலை எதுவோ அங்கே நட வேண்டும். படத்தில் இருக்கிற மூலையோடு அது ஒத்துப்போனால் கீச்சென்று கத்தும். ஒத்துப்போகாவிட்டால் வாயைத் திறக்காது. நாலு மூலையும் கத்தினால் கட்டடம் உறுதி. அதற்குப் பிறகு மேனேஜரே வந்தாலும் கை வைக்க முடியாது. ஒரு மூலை குறைந்தாலும் அழித்துவிடலாம்.

"கம்பியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் டீச்சர். "நாலு மூலையிலயும் நட்டுட்டு வாங்க."

"இல்லாத கட்டடத்துக்கு ஏது டீச்சர் மூலை?"

"நீங்க வரைஞ்சிருக்கீயளே."

"தரையில எங்கன்னு நடுவேன்?"

"போய்ப் பாருங்க, அண்ணாச்சி. நாலும் அளக்கணும். ஒண்ணுகூட விடக் கூடாது."

வேதமாணிக்கம் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. அங்கே மூலையே இல்லை. மூலை இல்லாவிட்டால் கம்பி கத்தாது. கத்தாவிட்டால் கட்டடம் தானாக விழுந்துவிடும். டீச்சர் அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார். இதற்கு இவ்வளவு கதை வேண்டாமே என்றும் தோன்றியது.

தெரு குறுகல். சிமெண்டு ரோடு. குடத்தைத் தூக்கிக்கொண்டு போன ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்ன சார், கொடிக்கம்பமா நடுதீய? எந்தக் கட்சி?"

எதிர்வீட்டு வாசலில் பல் குத்திக்கொண்டு நின்ற ஆள் சொன்னார்: "பாத்துக்கம்மா, இவுகளப் பாத்துச் சிரிக்காத. சிரிப்புக்கும் சதுர அடி போட்டிருவாவ."

வேதமாணிக்கம் காதில் வாங்காத மாதிரி குனிந்தார். ஆவுடையப்பன் வீட்டு முன்னால் ஒன்றுமே இல்லை. தெரு இருந்தது, வாசப்படி இருந்தது, சுவர் இருந்தது. கடை இல்லை, கூரை இல்லை. அவருக்கு நிம்மதி வந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தார்.

சாக்கடை ஓரத்தில், ரோட்டைக் கொத்தி எடுத்த ஒரு குழி. மண் போட்டு மூடியிருந்தது. பந்தக்கால் குழி. இந்த ஊரில் யாருக்கும் அது புதிது இல்லை. கல்யாணத்துக்கும் தோண்டுவார்கள், சாவு துட்டிக்கும் தோண்டுவார்கள், பிறகு மூடுவார்கள்.

நடாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தன் கோட்டின் மேல் ஒரு ஆசை இருந்தது. உண்மையைச் சொன்னால் அதுதான் காரணம். எவ்வளவு விலகியிருக்கும் என்று பார்க்கலாமே என்று கம்பியை அந்த மண்ணில் ஊன்றினார்.

கீச்.

ஒரு விரல்கூட விலகவில்லை. மில்லை மூடிய பிறகு அவர் வாழ்க்கையில் இத்தனை சரியாக எதுவும் நடந்ததில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியில் அந்தச் சந்தோஷத்தை எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

அந்தக் கருவிக்கு இடம்தான் தெரியும். அங்கே சுவர் நிற்கிறதா குழி கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாவது குழி தெரு விளக்குக்குப் பக்கத்தில். விளக்குக் கம்பத்தில் பந்தல் கட்டின கயிற்றின் ஒரு துண்டு இன்னும் தொங்கியது. அங்கேயும் நட்டார். நாலும் அளக்க வேண்டும் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

கீச்.

மூன்றாவது வாசப்படி ஓரத்தில். மூடின மண்மேல் கோலம் போட்டிருந்தார்கள். கோலத்தின் ஒரு புள்ளி தவறாமல் குழிமேல் இருந்தது. வேதமாணிக்கம் அந்தப் புள்ளியை அழிக்காமல் கம்பியை ஓரமாக இறக்கப் பார்த்தார். முடியவில்லை. அழிந்தது.

கீச்.

நாலாவது சுவருக்கு உள்ளே, சின்ன முற்றத்தில். அங்கே ஒரு சிவப்பு நாற்காலி. அதில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பனின் மனைவி கோமு.

"வரிக்காரரா? அவுக போன்ல சொன்னாவ. உள்ள வாங்க."

வேதமாணிக்கம் வாசலிலேயே நின்றார்.

"கடைன்னு போட்டிருந்தீயளாமே?"

"ஆமாம்மா."

"என்ன கடை?"

"ஓட்டல்னு போட்டேன்."

கோமு கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பே எரியலையே சார். துட்டி வீட்டுல அடுப்பு எரியுமா? அடுத்த வீட்டுல காப்பி போட்டுக் குடுத்தாவ. நாங்க யாருக்கும் ஒரு வாய் சோறுகூடப் போடலயே."

"சரி, அளந்துக்கிடுங்க" என்று கோமு எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். நாற்காலி இருந்த இடத்துக்குக் கீழே குழி. இது மட்டும் மூடவில்லை. உள்ளே வாரி எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"மத்ததெல்லாம் அவுக மூடிட்டாவ. இதை மூட நான் விடல."

"ஏம்மா?"

"இதுதான் அவன் தலைமாடு. விடிய விடிய நான் இந்தப் பந்தக்காலைப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். பந்தல்காரன் வந்து பிடுங்குறப்போ விடல. பொறவு விட்டுட்டேன். அவனுக்கும் வேற வீட்டுல வேலை இருக்கும்லா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நடுங்க சார்" என்றாள் கோமு. "நீங்க வந்த வேலையைப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வேதமாணிக்கம் உள்ளே வந்து கம்பியைத் தூக்கினார். மூன்று கத்திவிட்டது. இதுவும் கத்தும். அவர் போட்ட கோடு, அவருக்குத் தெரியாதா? கத்தினால் கட்டடம் உறுதி. வெள்ளிக்கிழமை ஜேசிபி வரும், சுவரை இடிக்கும், இந்தக் குழியின் மேல் ஏறி நிற்கும். படமும் சரியாக இருக்கும், கோடும் சரியாக இருக்கும், கம்பியும் சரியாகச் சொல்லியிருக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

கோமு குழிக்கு அந்தப் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கம்பியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதமாணிக்கம் கம்பியைத் தோளுக்கு மாற்றினார். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்து அந்த நாற்காலியை எடுத்து, பழைய இடத்திலேயே போட்டார். பிறகு வெளியே வந்துவிட்டார்.

"அளந்தாச்சா சார்?" என்றார் பல் குத்துகிற ஆள்.

வேதமாணிக்கம் நடந்துகொண்டே இருந்தார்.

அறைக்குத் திரும்பியபோது எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சபுரா டீச்சர் மட்டும் இருந்தார். அவர் மேஜையில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. வேதமாணிக்கம் கம்பியைச் சுவரில் சாய்த்தார். கையடக்கத் திரையை டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் பார்த்தார்.

"மூணும் ஒத்துப்போயிருக்கு. ஒரு விரல் விலகல."

"ஆமா டீச்சர்."

"நான் சொன்னேன்ல, கோடு சரின்னு."

"சொன்னீய."

"நாலாவது?"

"அங்க ஒரு அம்மா உக்காந்திருந்தாவ."

"எந்திரிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"எந்திரிச்சிட்டாவ."

"பொறவு?"

வேதமாணிக்கம் துண்டை எடுத்தார். காலையில் டீ சிந்தின கீபோர்டை மறுபடியும் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நாலும் அளக்கணும், ஒண்ணுகூட விடக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்புனேன்?"

"ஆமா டீச்சர்."

"ஏன் அளக்கல?"

வேதமாணிக்கம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் எழுந்து வந்தார். வேதமாணிக்கத்தின் திரையை அவர் பக்கமாகத் திருப்பினார். நீலக் கூரை பளபளவென்று நின்றது. மூன்று மூலையில் பச்சைப் புள்ளி. ஒரு மூலை வெறுமையாக இருந்தது.

"மூணு காலுல பந்தல் நிக்காது, அண்ணாச்சி" என்றார். "நீங்களே பிரிச்சிருங்க."

வேதமாணிக்கம் துண்டைக் கீழே வைத்தார். சிவப்புக் கோட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனார்.

சுவரோரம் கம்பி சாய்ந்திருந்தது. அதன் நுனியில் சாக்கடைச் சேறு இருந்தது. தெரு விளக்கடி மண் இருந்தது. கொஞ்சம் கோலப்பொடியும் இருந்தது. நாலாவதாக நடச் சொன்ன இடத்தின் மண் அதில் இல்லை.